அயர்ன் பாக்ஸும் காப்பி மெஷினும்

என் கணவர் வளைகுடாவிலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்தபோது, துணிமணி இருந்த பெட்டியைவிடக் காப்பி மெஷின் இருந்த பெட்டிதான் கனமாக இருந்தது. மதுரை விமான நிலையத்திலிருந்து கோவில்பட்டி வந்து சேரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். பின்னால் டிக்கியில் இடம் இருக்கிறது என்று டிரைவர் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் தம்பி, குலுங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். என் கைப்பையைக் காலடியில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் கீழ்த்தளத்தில், காப்பி கவுண்டரில் அவருக்கு வேலை. எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் போனவர். மகள் பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் அவர் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவார். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போக, கோயிலுக்குப் போக, எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருக்கும் அவருடைய அண்ணனோடு விதைப்புக் காட்டைச் சுற்றிப் பார்க்க என்று லீவு ஓடிவிடும். அடுப்படிக்குள் அவர் நின்று நான் பார்த்ததில்லை. அவர் காப்பி போடுகிறவர் என்று தெரியும். அவர் போட்ட காப்பியைக் குடித்ததில்லை. அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை. பஸ் ஓட்டுகிறவருடைய பெண்டாட்டி அவர் ஓட்டுகிற பஸ்ஸிலேயேவா போகிறாள்?

அவர் அங்கே இருந்த காலத்தில் நானும் எனக்கென்று ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு தையல் மெஷின் வாங்கினேன். பிறகு பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். இப்போது வீட்டு மாடியில் எட்டு பவர் மெஷின் ஓடுகிறது. புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வேனில் வரும். அதை நைட்டியாகவும் சின்னப் பிள்ளைகள் கவுனாகவும் தைத்து, நூல் பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்காருவேன். யாரை எதில் உட்காரவைப்பது, எந்தக் கட்டை முதலில் பிரிப்பது என்பதையெல்லாம் அங்கேதான் யோசிப்பேன். அந்த அரை மணி நேரம் யாரும் என்னோடு பேசக் கூடாது. பேசவும் ஆள் இருந்ததில்லை.

அவர் வந்த மறுநாள் காலையில் நான் எழுந்து போனபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. மிக்சி தரையில் இருந்தது. மிக்சி இருந்த இடத்தில் காப்பி மெஷின் இருந்தது.

"ஏட்டி, இந்த பிளக் நம்ம பாயிண்டுல மாட்ட மாட்டேங்கு. வேற பிளக் இருக்கா?" என்று கேட்டார்.

அதன் வயர் முனையில் மூன்று தட்டைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மாடியில் ஒரு தையல் மெஷினுக்கு வாங்கிவைத்த மாற்று பிளக் இருந்தது. எடுத்துவந்து கொடுத்தேன். அதை மாட்டி, மெஷின் சூடேறும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒரு கை ஆலையில் காப்பிக் கொட்டையைப் போட்டுச் சுற்றினார். மிளகு அரைக்கிற சத்தம் வந்தது. மணம் மட்டும் வேறு. பொடியைச் சின்னத் தராசில் நிறுத்தார். கைப்பிடி வைத்த சல்லடைக் கிண்ணத்தில் கொட்டி, விரலால் நிரவி, உலோகக் குமிழால் ஒரே அழுத்தாக அழுத்தினார். அதைக் கொண்டுபோய் மெஷினில் மாட்டித் திருகினார். பட்டனைத் தட்டியதும் பம்பு உறுமியது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு விளக்கெண்ணெய் வடிகிறதுபோல் கெட்டியாக, கருஞ்சிவப்பாக ஒரு சரடு இறங்கியது. இரண்டு வாய்க்குமேல் இல்லை. அதோடு நிறுத்திவிட்டார்.

"இம்புட்டுத்தானா?" என்றேன்.

"இதான் எஸ்பிரெஸோ. இரு, இன்னும் பால் சேக்கல."

ஸ்டீல் ஜக்கில் பாலை ஊற்றி, மெஷினின் பக்கவாட்டில் இருந்த ஆவிக் குழாயை அதற்குள் விட்டார். முதலில் ஒரு சீறல். பிறகு சத்தம் தாழ்ந்து, பால் ஜக்குக்குள் சுழல ஆரம்பித்தது. ஜக்கை மேடையில் ஒரு தட்டுத் தட்டி, காப்பிக்குள் ஊற்றினார். கடைசியில் கையை லேசாக ஆட்டினார். மேலே ஓர் அரச இலை விழுந்தது.

அந்தக் கோப்பையை என்னிடம் நீட்டியபோது அவர் நின்ற விதம் எனக்குப் புதிதாக இருந்தது. முதுகு நேராக, இடது கை பின்னால். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

குடித்தேன். கசப்பு. சூடும் போதவில்லை. எங்கள் வீட்டில் டம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்கிற அளவுக்குச் சூடு இருந்தால்தான் காப்பி.

"ஆறிப்போச்சே" என்றேன்.

"ஆறல. லாட்டேங்குத பால் காப்பிக்குச் சூடு இம்புட்டுத்தான். அதுக்குமேல போனா பாலோட ருசி போயிரும்."

"சீனி போடலியா?"

"மொதல்ல அப்படியே குடிச்சுப் பாரு."

இன்னொரு வாய் குடித்தேன். பிறகு அதை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு, அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தனக்குப் பால் விடாமல் ஒரு டம்ளர் கட்டன்சாயா போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் காப்பியே குடிக்க மாட்டார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காலை முதல் இரவு வரை வாயில் வைத்து ருசி பார்த்துத் துப்பியே வயிறு அதை ஏற்க மறுத்துவிட்டதாம்.

தையல் பெண்களிடம் அவர் அடுத்துப் போனார். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் தெரு முக்குக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வரும். ஒருநாள் அதை வாங்கப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, எட்டு பேருக்கும் காப்பி போட்டுத் தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்களில் மூத்தவள், ஓட்டப்பிடாரம் பக்கத்தில் பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது காய்ச்சலுக்குள்ள மருந்துல்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் அடுப்படியில் கோபப்பட்டவர்போல் வாசலுக்குப் போனவர், இங்கே கோபப்படவில்லை. "உங்களுக்கு எப்படி வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். அவள் சொன்னாள். சூடு கூட, சீனி கூட, அளவும் கூட. அடுத்தவளைக் கேட்டார். அவளுக்குச் சீனி அரைக் கரண்டி போதும். இன்னொருத்திக்கு நுரை மீசையில் ஒட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. "உனக்கு எங்கட்டி மீசை?" என்று மூத்தவள் கேட்க, மறுபடியும் சிரிப்பு. நாலு மணிக்கு அவரவர் கேட்டபடி வந்தது. எழுதி வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கு எது என்பது மாறவும் இல்லை. முதலில் கெட்டிக் காப்பியை இறக்கி, அதிலேயே சீனியைக் கரைத்து, கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றுகிற ஒரு வகையை அவரே உண்டாக்கிக்கொண்டார். அதற்குப் பெயர் கிடையாது. அந்த ஹோட்டலில் அதை யாரும் காப்பி என்று ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் முக்குக் கடை பிளாஸ்க் நின்றுவிட்டது.

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொருத்தியிடமும் குனிந்து "உங்களுக்கு?" என்று கேட்கிற மனிதரை நான் அதுவரை சந்தித்ததில்லை. எங்கள் வீட்டில் எதுவாக இருந்தாலும் அவரும் அவருடைய அண்ணனும் பேசி முடிவெடுப்பார்கள். முடிந்த பிறகு எனக்குச் சொல்வார்கள். இந்த வீட்டைக் கட்டியது அப்படித்தான். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதும் அப்படித்தான். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களையெல்லாம் இத்தனை வருஷம் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் காப்பி கொடுத்திருக்கிறார் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குத்தியது. அதைப் பொறாமை என்று சொல்லலாமா, தெரியவில்லை.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி ஆர்டர் வந்து குவிந்தது. மாடியில் கால் வைக்க இடமில்லை. அப்போதுதான் கரண்ட் பிரச்சினை ஆரம்பித்தது.

எட்டு மெஷின் ஓடும்போது, அயர்ன் பாக்ஸும் போட்டிருந்தால், எங்கள் வீட்டு லைனுக்கு அதுவே அதிகம். அதோடு கீழே காப்பி மெஷினும் சூடேறினால் மெயின் ஸ்விட்ச் டப்பென்று விழுந்துவிடும். மெஷின்கள் நின்றுவிடும். மின்விசிறி நின்றுவிடும். மேலேயிருந்து நான் கத்துவேன். கீழே அவர் காப்பி மெஷினை அணைத்துவிட்டு ஸ்விட்சைத் தூக்கிவிடுவார். ஒருநாள் இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் நடந்தது. அயர்ன் பண்ணுவதற்கென்று தனி ஆள் இல்லை. யாருக்குக் கை ஓய்கிறதோ அவள் போய் நிற்பாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஸ்விட்ச் விழுந்ததும் பெண்கள் எல்லாம் காப்பி நேரம்தானே என்று இறங்கிவிட்டார்கள். அயர்னில் நின்ற பெண் பாக்ஸைப் படுக்கவைத்த மேனிக்கே, நைட்டிக் கட்டின்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கரண்ட்தான் இல்லையே என்ற நினைப்பு. கீழே அவர் ஸ்விட்சைத் தூக்கிவிட்டார்; மேலே தையல் மெஷின்கள் ஓடாததால் அது மறுபடி விழவில்லை, எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டு நின்றோம். தீய்ந்த வாடை வந்தபோதுதான் நான் மாடிக்கு ஓடினேன். அயர்ன் பாக்ஸ் அடுக்கில் அப்படியே இறங்கியிருந்தது. மேலே இருந்த நைட்டிகள் போய்விட்டன. மேசைக்கு விரித்திருந்த கம்பளியும் போய்விட்டது. பக்கத்துக் கட்டுகளில் பிடிப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டதால் அதோடு நின்றது.

அந்தப் பெண் அழுதாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்தேன்.

"காப்பிக் கடை வைக்கணும்னா மெயின் ரோட்டுல இடம் பாத்து வைங்க. இது தையல் போடுத இடம்."

"அயர்ன் பாக்ஸத் துணி மேல வச்சிட்டு வந்தது நானா?"

"சுவிச்சு விழாம இருந்தா அவ வச்சிருப்பாளா? இத்தன வருசம் இந்த வீட்டுல ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கா? நீங்க இல்லாம எல்லாம் ஒழுங்காத்தான ஓடுச்சு."

அவர் ஆவிக் குழாயை ஈரத்துணியால் துடைத்தார். சல்லடைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். மெஷின் ஆறும்வரை காத்திருந்து, அதன் பெட்டியிலேயே வைத்து மூடி, பரணில் ஏற்றினார். மறுநாள் காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றார்.

"அண்ணன் விதைக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாவ. ஆள் கெடைக்கலையாம். போயிட்டு வாரேன்."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? வானம் மூடியிருந்தது. மழைக்கு முன்னால் உளுந்தையும் மக்காச்சோளத்தையும் மண்ணுக்குள் போட்டாக வேண்டும். அது உண்மையும்தான்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து பழையபடி டீ குடித்தேன். இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. தீய்ந்த கணக்கு போக மீதிக் கட்டுகளைத் தைத்து முடித்தோம். ஸ்விட்ச் ஒரு தடவைகூட விழவில்லை. பிளாஸ்க்கில் மறுபடியும் முக்குக் கடை டீ வந்தது. மூத்தவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இது, சுடுதண்ணிக்குச் சாயம் போட்ட மாதிரி இருக்கு? முன்னால இதத்தான குடிச்சோம்?"

"அண்ணாச்சி எப்ப வாராவ?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"விதப்பு முடிஞ்சு வருவாவ."

"அதுக்குள்ள நீங்க போடலாம்லா. தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றாள் மூத்தவள்.

அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில், ஏணியைப் போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். எனக்கே அந்தக் காப்பி வேண்டியிருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை. பெண்களோடு தினமும் குடித்துப் பழகிய நாக்கு, அவர் போனதிலிருந்தே அந்தக் கசப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

கொட்டை இருந்த டப்பாவைக் காணோம். அதனால் வீட்டில் இருந்த பில்டர் காப்பித் தூளைக் கிண்ணம் நிறைய அள்ளிப்போட்டுப் பலமாக அழுத்தி, மாட்டித் திருகி, பட்டனைத் தட்டினேன். பம்பு உறுமியது. உறுமிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பயந்துபோய் அணைத்தேன். கைப்பிடியைத் திருகிக் கழற்றியதும் கறுப்புச் சகதி படீரென்று சுவர் முழுக்கத் தெறித்தது. என் சேலையும் தப்பவில்லை.

போன் போட்டேன். அவர் எடுத்தபோது காற்று இரைச்சலும் டிராக்டர் சத்தமும் கேட்டன.

"என்ன? என்னாச்சு?" என்றார். மத்தியானத்தில் நான் கூப்பிடுவதே இல்லை.

"ஒண்ணும் ஆகல. காப்பி மெஷின்ல தண்ணி எறங்க மாட்டேங்கு."

டிராக்டர் சத்தம் குறைந்துகொண்டே போனது. அவர் நடந்து தள்ளிப் போகிறார் என்பது தெரிந்தது.

"மொதல்ல அயர்ன் பாக்ஸ அணச்சிட்டியா?"

"அணச்சாச்சு. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்காவ."

"என்ன தூளு போட்ட?"

"பில்டர் தூளு."

"அதுல சிக்கரி இருக்கும்லா. ஈரம் பட்டதும் பசை மாதிரி அடச்சிக்கிடும். கொட்ட டப்பா அரிசித் தகரத்துக்குப் பின்னால இருக்கு, பாரு."

இருந்தது. ஸ்பீக்கரில் போட்டு போனை மேடையில் சாய்த்துவைத்தேன். அவர் சொல்லச் சொல்லக் கை ஆலையைச் சுற்றினேன். அரைத்ததை விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். ரவையாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், மாவாக இருந்தால் நின்றுவிடும். ஆற்று மணல் மாதிரி நெருடவேண்டும். நெருடியது. அழுத்தும்போது பலத்தைக் காட்டாமல், கோணாமல் அழுத்தச் சொன்னார். துணியை மெஷினுக்கடியில் ஓட்டுகிறபோது நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதேதான். இழுக்காதே, கோணாமல் விடு என்பேன்.

பட்டனைத் தட்டினேன். உறுமல். மௌனம். பிறகு இறங்கியது.

"எறங்குது" என்றேன்.

"என்ன நெறத்துல?"

"செவப்பா. கெட்டியா."

"நெறம் வெளுக்க ஆரம்பிச்சதும் நிறுத்திரு. ஆசப்பட்டு ரொம்ப விட்டுராத."

நிறுத்தினேன். பாலை ஜக்கில் ஊற்றி ஆவியைத் திறந்தேன். சைக்கிள் டியூப் வெடித்ததுபோல் ஒரு சீறல். பால் என் முகத்தில் அடித்தது.

"முனைய மேல வச்சிட்ட. கொஞ்சம் உள்ள விடு" என்று போனிலிருந்து சத்தம் வந்தது.

விட்டேன். சத்தம் அமுங்கிக் குமுறலாக மாறியது.

"ரொம்ப உள்ள போயிட்டு. ஒரு நெல்லு அளவு மேல தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கனதான். கைய ஆட்டாத."

எப்போதும்வென்றானில் கரிசல் காட்டு வரப்பில் நின்றுகொண்டு, என் கை எங்கே இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே அவர் சொன்னார். காகிதத்தைக் கிழிப்பதுபோல் சன்னமான ஓசை ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பேசாமல் அதைக் கேட்டோம்.

"ஜக்குல கை வச்சுக்கோ. இனிமே தாங்காதுன்னு தோணும்போது அடச்சிரு."

அடைத்தேன். ஊற்றினேன். இலையும் வரவில்லை, பூவும் வரவில்லை. வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது.

"குடிச்சுப் பாரு" என்றார்.

குடித்தேன். சீனி போடாமல், கொதிக்கவைக்காமல், நின்றபடியே.

"எப்படி இருக்கு?"

"கசக்கு."

"கசக்கத்தான் செய்யும். புளிக்கா?"

"இல்ல, புளிக்கல."

"அப்ப நல்லா வந்திருக்கு."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் இன்னொரு வாய் குடித்தேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நேத்து அங்கேருந்து மேனேஜர் பேசுனாரு" என்றார். "புது ஹோட்டல் ஒண்ணு தொறக்குதாவ. காப்பி கவுண்டர மொத்தமாப் பாத்துக்கிடணுமாம். விசா அனுப்புதேன்னு சொல்லுதாரு."

"உங்க அண்ணன் என்ன சொல்லுதாவ?"

"அண்ணங்கிட்ட சொல்லல. ஒங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு மேனேஜருக்குச் சொல்லியிருக்கேன்." பிறகு கேட்டார். "போகவா, வேண்டாமா?"

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் தடவை போனபோது டிக்கெட்டைக் காட்டித்தான் சொன்னார். கையில் கோப்பையோடு சுவரில் வழிந்துகொண்டிருந்த காப்பிச் சகதியைப் பார்த்தபடி நின்றேன். போ என்று சொல்வது சுலபம். பழைய மாதிரி ஓடும். போகாதீர்கள் என்று சொன்னால், பிறகு தினமும் அடுப்படியில் மிக்சி தரையில் கிடக்கும். மாடியில் யாரோ மெஷினைப் போடும் சத்தம் கேட்டது.

"விதச்சு முடிச்சிட்டு வாங்க, பேசிக்கிடலாம்" என்றேன்.

"சரி" என்றார்.

மூன்றாம் நாள் நல்ல மழை. அதற்கடுத்த நாள் அவர் வந்தார். கரிசல் மண் செருப்பில் இட்லித் தட்டு கனத்துக்கு அப்பியிருந்தது. வாசலில் உட்கார்ந்து ஒரு குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தார். நான் எதிரில் போய் நின்றேன். மூன்று நாளாக மனதுக்குள் பேசிப் பார்த்த எதுவும் அப்போது வாயில் வரவில்லை.

"காலைல நான் பின்வாசல்ல இருக்கும்போது யாரும் எங்கிட்ட பேசக் கூடாது" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "சரி, பேசல."

"மிக்சி அது இருந்த எடத்துல இருக்கணும்."

"சரி."

"அயர்ன் பண்ண ஆள் இல்ல. தீவாளி வரைக்கும் ராவும் பகலுமா நிக்கணும். பிள்ளைகளுக்குக் கால் கடுக்கு."

அவர் குச்சியைக் கீழே போட்டார். "நின்னு வேல பாத்து எனக்குப் பழக்கந்தான். காமிச்சுக் குடு, பண்ணுதேன்."

"அப்ப மேனேஜருக்கு?"

"அதான் அயர்ன் பண்ணணும்னுட்டியே. அவருக்கு என்னத்தச் சொல்ல? வேல கெடச்சிருச்சுன்னு சொல்லுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் அடக்கிக்கொண்டேன்.

அப்படித்தான் அவர் எங்கள் மாடியில் அயர்ன் மேசைக்கு வந்தார். முதல் வாரம் கழுத்துப்பட்டியைச் சுருக்கி வைத்தார், இரண்டு நைட்டியைத் திருப்பித் தேய்த்தார். பிறகு கை பழகிவிட்டது. நாள் முழுக்க நிற்பார், சலிக்க மாட்டார். ஆவி வரும் அயர்ன் பாக்ஸ் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோரு மணிக்குப் பாக்ஸை நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே போவார். காப்பி போட்டு முடித்து அந்த மெஷினை அணைத்த பிறகுதான் மேலே வந்து இதைப் போடுவார். இரண்டும் ஒரே ஆளின் கையில் இருப்பதால் ஸ்விட்ச் விழுவதே இல்லை. லோடு கூட்டித் தரச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதவேண்டும் என்று இருந்தேன். தேவைப்படவில்லை. "இது எங்களுக்குத் தோணாமப் போச்சே" என்றாள் மூத்தவள்.

காலையில் முதல் காப்பியை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். அவர் எழுந்துவிட்டாலும் அந்தப் பக்கம் வருவதில்லை. வாசலில் நின்று பால்காரப் பெண்ணோடு பேசிக்கொண்டிருப்பார். அவள் ஆட்டுக்கிடை போடுகிற குடும்பத்துப் பெண், இரண்டு பசு வைத்திருக்கிறாள். நுரை நிற்கவில்லை என்றால் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று அவர் ஒருதரம் சொல்லப்போக, "பசுவு தின்னது என்னமோ அதுதான் பாலு அண்ணாச்சி. மழ பெஞ்சு பச்சப்புல்லு மொளைக்கட்டும், பெறகு வந்து நுரையப் பாருங்க" என்று அவள் சண்டைக்கு நின்றாள். மழை பெய்த பிறகு நுரை நன்றாகவே நின்றது. அவள் சொன்னது சரியா, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாளா என்பது எங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு தடவை மெஷின் மக்கர் செய்தது. கேன் தண்ணீர் வண்டி ஒரு வாரமாக வரவில்லை. நான் போர் தண்ணீரை ஊற்றிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருப் போர் தண்ணீர் குண்டானில் கொதித்தால் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அது மெஷின் குழாய்க்குள் படிந்துவிட்டது. காப்பி சொட்டுச் சொட்டாக வந்தது. ஆவி வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி வந்து, வெந்நீரில் கரைத்து, தொட்டியில் ஊற்றி ஓடவிட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து மறுபடி ஓடவிட்டார். கலங்கலாக, சின்னச் சின்ன வெள்ளைச் செதில்களோடு தண்ணீர் வந்தது. நான் பாத்திரம் பிடித்தேன்.

"பாத்தியா, எம்புட்டு எடுத்து வச்சிருக்கு உள்ள" என்றார்.

"நம்ம வயித்துக்குள்ளயும் இதத்தான எடுத்து வச்சிருக்கோம்" என்றேன்.

நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தடவை அலசினோம். அப்படியும் முதல் காப்பியில் எலுமிச்சம் புளிப்பு இருந்தது. கொட்டினோம். இரண்டாவதையும் கொட்டினோம். மூன்றாவதுதான் காப்பியாக வந்தது. பாலை ஊற்றிக் கையில் எடுக்கும்போது, திங்கள்கிழமை வரவேண்டிய புதியம்புத்தூர் வேன் ஒரு நாள் முன்னாடியே வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அவர் கட்டுகளை இறக்கப் போனார். நான் பாதியை நின்றபடி குடித்துவிட்டு, மீதியைத் தட்டால் மூடி வைத்துவிட்டு, மாடிக் கதவைத் திறக்கப் போனேன்.